பாட்டில் சேரும் பணம் கூரைக்குப் போய்ச் சேர



புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்ட அழைத்தால் ஊரே திரண்டு வருகிறது. பழைய பள்ளிக்கூடத்தின் ஓட்டை மாற்றவேண்டும் என்று சொன்னால், "அடுத்த கமிட்டியில் வைத்துப் பார்ப்போம்" என்று பதில் வருகிறது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. புதுக் கட்டடத்தில் பெயர்க்கல் பதிக்கலாம். செப்பனிட்ட கூரையில் யார் பெயரைப் பொறிப்பது? ஆகவே கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பழுது பார்க்கும் செலவு எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிறது. அந்தச் செலவுக்காகப் பாட்டுக் கச்சேரி வைத்துப் பணம் திரட்டுவது பலன் தருமா, எப்படிச் செய்தால் பலன் தரும் என்பதையே இந்த இதழில் படிக்க எடுத்துக்கொள்கிறோம்.

தஞ்சைத் தரணியில் கட்டடங்களுக்கு ஆயுசு குறைவு. நெல்லுக்கு உகந்த களிமண் சுவருக்கு உகந்ததல்ல. கோடையில் பாளம் பாளமாய் வெடித்து, மழையில் உப்பி, அஸ்திவாரத்தை அசைத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழை நாட்டு ஓட்டின் இடுக்குகளில் இறங்கிக் கைமரங்களை உளுக்கச் செய்யும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக் காற்று காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையே துருப்பிடிக்க வைத்துக் காரையைப் பெயர்த்துவிடுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அந்தக் கரையைக் கடந்தபோது, தென்னையோடு எத்தனை கூரைகள் போயின என்பதை டெல்டாவாசிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கூரையை லேசாக எண்ணியதற்கு நாம் கொடுத்த விலை கும்பகோணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று, மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ கீற்றுக் கொட்டகைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்று உத்தரவாயிற்று. கீற்று போனால் ஆபத்து போயிற்று என்று இருந்துவிட முடியவில்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். சுவரில் விரிசல் கண்ட நாளில் ஒரு கொத்தனாரையும் இரண்டு சித்தாளையும் கூப்பிடுவது சிறிய செலவு. அந்தச் சிறிய செலவுக்குத்தான் நன்கொடையாளர் அகப்படுவதில்லை.

இந்தச் சங்கடம் புதிதல்ல. யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுது பார்க்கும்படி ஆசாரியரிடம் சொல்லியும், அவனுடைய 23-ஆம் வருஷமட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிறகு மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டி வைத்தார்கள். சேர்ந்த பணம் எண்ணப்பட்டு, நேரே தச்சர் கைக்கும் கொத்தர் கைக்கும் போனது. வேலை முடிந்தது.

பெட்டி வைத்தாலும் அதனருகே ஜனங்களை வரவழைப்பது எப்படி? அங்கேதான் பாட்டு உதவுகிறது. 1742 ஏப்ரல் 13 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹாண்டல் தம்முடைய "மேசியா"வை முதன்முதலாக அரங்கேற்றினார். வசூல் ஏறத்தாழ 400 பவுன். கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் அதைப் பங்கிட்டார்கள். 142 கடன்காரர்கள் விடுதலையானார்கள். கூட்டம் அதிகம் கொள்ளவேண்டும் என்பதற்காக, பெண்கள் வளையம் வைத்த பாவாடை உடுத்தாமலும் ஆண்கள் வாள் கட்டாமலும் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்களாம். நல்ல யோசனைதான்!

ஹாண்டல் பிறந்த ஊர் ஜெர்மனியிலுள்ள ஹாலே. நம் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்ததும் அங்கேதான். தஞ்சையில் பள்ளிக்கூடங்களை ஏற்படுத்திய சுவார்ட்ஸ் ஐயர் படித்ததும் அங்கேதான். தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களை ஹாலேயில் 1710 முதல் அச்சிட்டுக் காணிக்கை கொடுப்போருக்கு அனுப்பினார்கள். உங்கள் கையிலிருக்கும் செய்திமடலுக்கு அது மூத்த உறவு. சுவார்ட்ஸ் இந்தியக் கரையில் இறங்கிய 1750-ஆம் ஆண்டிலேயே, லண்டனில் அனாதைக் குழந்தைகளின் விடுதிக்காக ஹாண்டல் "மேசியா"வை நடத்தினார். ஆண்டுக்காண்டு தொடர்ந்த அந்த நிகழ்ச்சிகளால் விடுதிக்குப் பல ஆயிரம் பவுன் கிடைத்தது.

ஆனால் பள்ளிக்கூடத்துக்காகவே பாடியவர்கள் என்றால், அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலிருந்த ஃபிஸ்க் பள்ளி மாணவர்களைத்தான் முதலில் சொல்லவேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார் அவர்கள். விடுதலை பெற்ற பிள்ளைகளுக்காக 1866-இல் அந்தப் பள்ளி திறந்தபோது கிடைத்த இடம், உள்நாட்டுப் போரில் ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்த மரக் கொட்டகைகள். ஐந்தே வருஷத்தில் அவை இற்றுப்போயின, கஜானாவும் காலி. பள்ளியின் பொருளாளரும் பாட்டு வாத்தியாருமான ஜார்ஜ் ஒயிட், 1871 அக்டோபர் 6 அன்று 9 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார்.

ஆரம்பம் சோதனையாகவே இருந்தது. நிறத்தைக் காரணம் காட்டிப் பல விடுதிகள் இடம் மறுத்தன. காணிக்கைத் தட்டில் விழுந்தது ரயில் சத்தத்துக்கே போதவில்லை. அந்த நாட்களில்தான் சிகாகோ நகரம் பெருந்தீயில் எரிந்தது. தங்கள் கூரையே ஒழுகும் நிலையில், ஒரு கச்சேரியில் கிடைத்த 50 டாலருக்கும் குறைவான முழுத் தொகையையும் அந்தப் பிள்ளைகள் சிகாகோ மக்களுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு மாறுதல் நேர்ந்தது. சபையோருக்குப் பிடிக்கும் என்று மேடைக்காகப் பயின்ற பாட்டுகளைக் குறைத்து, தங்கள் தாய் தகப்பன்மார் வயலில் பாடிய அடிமைக் காலப் பக்திப் பாடல்களைப் பாடலானார்கள். கேட்டவர்கள் கண் கலங்கிக் கொடுத்தார்கள். 1872-இல் 20,000 டாலருடன் ஊர் திரும்பினார்கள். 1873-இல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி முன்பாகவும் பாடினார்கள். அவர்கள் பாட்டால் எழுந்த "ஜூபிலி ஹால்" 1876-இல் திறக்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

நம் நாட்டிலும் இதற்குப் பஞ்சமில்லை. கஸ்தூரிபா அம்மையார் 1944 பிப்ரவரியில் காலமானபின், கிராமத்துப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக ஒரு நினைவு நிதி தொடங்கப்பட்டது. அதற்காக எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரிகள் செய்து பணம் திரட்டிக் கொடுத்தார். காந்தியடிகள் நன்றிக் கடிதம் எழுதினார். 1974-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது அது பொதுச்சேவைக்கான பிரிவிலேயே வழங்கப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். சன்மானம் வாங்காமல் பாடுவது டெல்டாவுக்கும் பழகிய காரியம். தை மாதத்தில் திருவையாற்றுக் காவிரிக்கரைக்கு வரும் வித்வான்கள் யாரும் அங்கே பணத்துக்காகப் பாடுவதில்லை.

பாடகர் பணம் வாங்காவிட்டாலும் பந்தல்காரர் வாங்குவார். மைக் செட், ஜெனரேட்டர், மண்டப வாடகை, சாப்பாடு, சுவரொட்டி என்று போனபின் மிஞ்சுவதுதான் பள்ளிக்குச் சேரும். கச்சேரியின் வசூல் தொகையை மட்டும் மேடையில் அறிவித்துக் கைதட்டல் வாங்கும் வழக்கத்தை நாம் விரும்புவதில்லை. இங்கே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஐயாவை நினைத்துக்கொள்கிறோம். பள்ளி ஆசிரியராயிருந்து பின் வைத்தியத்தில் பேர்பெற்ற அவர், 1912 முதல் தஞ்சாவூரில் இசை மாநாடுகளை நடத்தினார். வந்தவர்களுக்கான செலவைத் தம் கைப்பொருளிலிருந்தே கொடுத்தார். அதுபோல ஒருவரோ ஒரு குடும்பமோ கச்சேரிச் செலவை ஏற்றுக்கொண்டால், சீட்டு வாங்கும் ஏழையின் பத்து ரூபாயும் அப்படியே ஓடாக மாறும்.

கணக்கு எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதையும் முன்னதாகவே தீர்த்துவிடவேண்டும். 1971 ஆகஸ்ட் 1 அன்று வங்காளதேச அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் நடத்திய கச்சேரியின் வாயில் வசூல் சுமார் 2,43,000 டாலர். அது ஐ.நா. குழந்தைகள் நிதிக்குச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்த பெருந்தொகை பல ஆண்டுகள் வரித்துறையில் மாட்டிக்கொண்டது. முன்கூட்டியே தர்ம ஸ்தாபனத்தோடு முறைப்படி ஏற்பாடு செய்யாததே காரணம். நல்ல மனசுக்கு எந்தக் குறைவும் இல்லை. ஒரு காகிதம் குறைந்துபோயிற்று.

கணக்கில் நம்பிக்கை உண்டானால் டெல்டா ஜனங்கள் எப்படி நடப்பார்கள் என்பதற்குச் சுவார்ட்ஸ் ஐயர் காலத்துச் சம்பவமே சாட்சி. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டிய பஞ்சத்தில் குடியானவர்கள் வயலை விட்டு ஓடிப்போனார்கள். உழைப்புக்குப் பங்கு கிடைக்கும் என்ற அரசரின் வாக்கை அவர்கள் நம்பவில்லை. சுவார்ட்ஸ் தம் வாக்கைக் கொடுத்தபோது ஆயிரக்கணக்கில் திரும்பி வந்து உழுதார்கள்.

இனி, நம் பகுதியில் இப்படி ஒரு கச்சேரி வைக்க எண்ணும் சபைகளுக்குச் சில வார்த்தைகள். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசியே ஏற்ற காலம். லெந்து நாட்களில் கச்சேரி வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதற்கு முன்பாகவே வைத்துக்கொள்ளலாம். பங்குனியில் வைத்தால், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் காதருகே ஒலிபெருக்கி அலறும். பணமில்லாதவர்கள் நெல்லாகக் கொடுக்கட்டும். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுகிற நமக்கு இது புதிதா என்ன? சமையலுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடி ஒதுக்கும் தாய்மாரின் பழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். காமராசர் ஆட்சியில் 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் சுவர்க் கடிகாரமுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அரசுப் பள்ளியானால் 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" திட்டத்தின் வழியாகவும் கொடுக்கலாம்.

கச்சேரிக்கு முன்பே ஒரு பொறியாளரை அழைத்து, எந்தச் சுவர், எத்தனை கைமரம், எத்தனை ஓடு என்று மதிப்பீடு எழுதி வாங்குங்கள். அந்த மதிப்பீட்டையே நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் அச்சிடலாம். வேலை சித்திரை, வைகாசி விடுமுறையில் நடக்கவேண்டும். வழக்கம்போல் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஆட்கள் நடவுக்குப் போய்விடுவார்கள். கொத்தனார் கிடைத்தாலும் சித்தாள் கிடைக்கமாட்டார். பள்ளி திறக்கும் நாளில் வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பள்ளி வாசலிலும் ஆலய அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். மீதி இருந்தால் வங்கியிலேயே இருக்கட்டும். ஐப்பசி மழையில் எந்த ஓடு ஒழுகுகிறது என்று பார்த்தபின் அதற்கு வேலை இருக்கும்.