ரேஸில் தோற்ற குதிரையை வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. நான்கு வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறாள். தடை தாண்டும் போட்டிகளில்தான் ஆர்வம். பெங்களூரில் ரேஸிலிருந்து நிறுத்தப்பட்ட ஆறு வயதுக் காயடித்த குதிரை ஒன்று மலிவாக வருகிறது. 30 பந்தயம் ஓடி ஒன்றில்தான் ஜெயித்ததாம். “வேகம் பத்தாது, மற்றபடி குறையில்லை” என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: தோற்றதற்காகத் தயங்க வேண்டாம். எனக்கு அதுதான் நல்ல சேதியாகப் படுகிறது. ஜெயித்துக்கொண்டிருக்கும் காயடித்த குதிரையை ஆறு வயதில் யாரும் மலிவாகத் தள்ளிவிட மாட்டார்கள். தள்ளினால் காலைச் சந்தேகப்பட வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜோ ஃபார்கிஸுக்குத் தடை தாண்டலில் தங்கம் வாங்கித் தந்த ‘டச் ஆஃப் கிளாஸ்’ ரேஸில் பேர் எடுக்காத பெண் குதிரைதான். 30 பந்தயத்தைத் தாங்கிய கால் என்பதும் சாதகமே.

ஆனால் “குறையில்லை” என்பதைக் கையால் தொட்டுப் பாருங்கள். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, எலும்புக்குப் பின்னால் இறங்கும் தசைநாணை விரல்களுக்கிடையே பிடித்து மேலிருந்து கீழாகத் தடவுங்கள். முறுக்கிய கயிறு மாதிரி நேராக இருக்க வேண்டும். நடுவில் புடைத்திருந்தாலோ, ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். ஆறிய புடைப்போடு நிதானமான சவாரிக்கு உழைக்கும் குதிரைகள் உண்டு. தடை தாண்டி இறங்கும்போதோ பாரமெல்லாம் முன்னங்காலில் விழும். பழைய இடத்திலேயே மறுபடி கிழியும். பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன். டாக்டர் நீங்கள் அழைத்துப் போனவராக இருக்கட்டும், விற்பவருடைய ஆள் வேண்டாம். வேகமாக ஓடவிட்டு மூச்சையும் கேளுங்கள். உள்ளே இழுக்கும்போது கரகரப்பு வந்தால் தொண்டையில் கோளாறு இருக்கலாம்.

வாங்கிய பிறகுதான் உண்மையான வேலை. கடிவாளத்தை இழுத்தால் நிற்க வேண்டும் என்பது ரேஸ் குதிரைக்குத் தெரியாது. அதன்மேல் சாய்ந்து ஓடியே பழகியது. இழுக்க இழுக்க வேகமெடுக்கும். ஜாக்கி காலை மடக்கி மேலே குந்தியிருப்பார், அதனால் விலாவில் கால் அழுத்துவதே அதற்குப் புது அனுபவம். முதல் சில மாதம் ஓட்ஸைக் குறைத்து, புல்லைக் கூட்டி, வெளியில் மேயவிடுங்கள். சேண வாரை இறுக்கும்போது கடிக்க வந்தால் அடிக்காதீர்கள். ரேஸ் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் சர்வசாதாரணம், வலியில் கடிக்கலாம்.

உங்கள் மகளின் நான்கு வருடப் பழக்கம் இதற்குத் தனியாகப் போதாது. ரேஸ் குதிரையை மாற்றிப் பழக்கிய பயிற்சியாளர் அவள் கற்கும் இடத்தில் இருந்தால் முதலில் அவர் ஏறட்டும். இல்லையென்றால், கூடுதல் பணம் போனாலும் ஏற்கெனவே பழக்கிய குதிரையைத் தேடுங்கள்.

வாங்குவதென்று முடிவானால், லாரியில் ஏற்றுமுன் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிவிடுங்கள். குதிரையின் பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணும் கழுத்து மைக்ரோசிப்பின் எண்ணும் ஒன்றுதானா என்பதையும் டாக்டரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.