மூன்று வாரமாக முந்திரிப் பழம்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிறுதோறும் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓவிய வகுப்புக்கு அனுப்புகிறேன். மூன்று வாரமாக முந்திரிப் பழத்தையே பென்சிலில் வரையச் சொல்கிறார் ஆசிரியர். கலர் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. பள்ளியில் இயற்கைக் காட்சி வரைந்து முதல் பரிசு வாங்கியவள் அவள். “பஸ் காசும் ஃபீஸும் தண்டம், அந்த நேரத்தில் கணக்கு டியூஷன் போகட்டும்” என்கிறார் அவள் அப்பா. ஓவியம் கற்றால் படிப்பும் நன்றாக வரும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு தாய், குள்ளஞ்சாவடி

பதில்: பரிசு வாங்கிய படத்தை நான் பார்க்கவில்லை அம்மா. ஆனாலும் அதில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, சாய்ந்த தென்னை. குள்ளஞ்சாவடியில் மலை ஏது? உங்கள் பக்கத்தில் மலை போலத் தெரிவது, நிலக்கரிக்காகத் தோண்டிக் கொட்டிய சுரங்க மண்மேடுதான். அதற்குக் கூரான உச்சி கிடையாது, தலை தட்டையாக நீண்டு கிடக்கும். அதைப் பார்த்து வரைந்த பிள்ளைக்கு முதல் பரிசு கொடுத்த நடுவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

முந்திரிப் பழத்துக்கு வருவோம். பறித்தால் இரண்டு நாள்கூடத் தாங்காத பழம் அது. ஆகவே வாராவாரம் புதுப் பழம்தான் வந்திருக்கும், ஒன்று மாதிரி இன்னொன்று இருந்திருக்காது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்த பெண் அதைக் கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடுவாள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் தங்களுக்குத் தெரிந்த பழத்தைத்தான் வரைவார்கள், எதிரே இருப்பதை அல்ல. அடுத்த முறைதான் கண் வேலை செய்யும். பழம் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது, கொட்டை பழத்தின் நுனியில் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒட்டிய இடத்தில் தோல் சுருங்கியிருக்கிறது, கொட்டையின் நிழல் மேசைமேல் பழத்தின் நிழலோடு கலக்கிறது. மூன்றாவது முறை வேறு கேள்விகள் எழும். தாளில் எவ்வளவு பெரிதாக வைப்பது? நடுவிலா, ஓரத்திலா? எங்கே கோட்டை அழுத்துவது, எங்கே விட்டுவிடுவது? இப்படி முடிவெடுக்கப் பழகுவதுதான் கலைஞனைப் போல யோசிப்பது. கலர் பெட்டி திறந்திருந்தால் பிள்ளை உடனே சிவப்பையும் மஞ்சளையும் தீட்டி வேலையை முடித்திருப்பாள்.

இது உங்கள் ஆசிரியரின் தனிப் பிடிவாதம் இல்லை. 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி நெடுங்காலம் கைத்தொழில் பயிற்சிக் கூடமாகவே இருந்தது. அங்கே எதிரே அமர்ந்திருக்கும் ஆளைப் பார்த்து வரைவதற்கு முக்கிய இடம் தந்தவர், 1957 வரை அதன் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் கே.சி.எஸ். பணிக்கர். அவர் காலத்தில் அங்கே படித்த கே.எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969-ல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். நூறும் ஒரே மனிதர்! மூன்று பழத்துக்கே உங்கள் வீட்டில் சச்சரவு.

இனி, படிப்பு வருமா என்ற கேள்வி. ஓவியம் கற்றதால் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று யாராவது சொல்லிச் சேர்க்கை நடத்தினால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, ஓவிய வகுப்பால் மற்றப் பாடங்கள் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்று 2000-ல் எழுதினார்கள். கலை ஆர்வலர்கள் பலருக்குக் கோபம் வந்தது. அப்படியானால் ஓவிய வகுப்பில் என்னதான் கற்கிறார்கள் என்று அறிய, பாஸ்டன் பகுதியில் இரண்டு பள்ளிகளில் ஐந்து ஆசிரியர்களின் வகுப்புகளை இவர்களின் குழு கூர்ந்து கவனித்து 2007-ல் புத்தகமாக்கியது. கைத்திறன் அவர்கள் கண்டவற்றில் ஒன்றுதான். கூர்ந்து பார்ப்பது, சலித்தாலும் விடாமல் தொடர்வது, இல்லாததை மனத்தில் வரைந்து பார்ப்பது, செய்ததைத் தானே எடைபோடுவது, தப்பு வந்தாலும் துணிந்து முயல்வது என்று எல்லாமே மனப்பழக்கங்கள்.

உங்கள் மகளின் வகுப்பு அப்படிப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிறு நேரில் போய்ப் பாருங்கள். படங்களை வரிசையாக வைத்துப் பிள்ளைகளைப் பேச வைக்கிறாரா? “இந்த நிழலை ஏன் இவ்வளவு கறுப்பாக்கினாய்?” என்று கேட்கிறாரா? கேட்கிறார் என்றால் நல்ல இடம். “வரைஞ்சுக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு செல்போனில் மூழ்குகிறவர் என்றால், அவள் அப்பா சொல்வதுதான் சரி. வீட்டில் நீங்களும் “சூப்பரா இருக்கு” என்று சொல்வதைக் குறையுங்கள். எதை வரைவது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். மூன்று படங்களிலும் தேதி எழுதி எடுத்து வையுங்கள்.

கணக்கு டியூஷன் வேண்டுமென்றால் வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம். பிளஸ் டூவுக்குப் பிறகும் ஆசை மாறாமல் இருந்தால், சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உண்டு. உங்களுக்கு அருகில் என்றால் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. அதுவரை கலர் பெட்டி எப்போது திறக்கும் என்பதை ஆசிரியரிடமே விட்டுவிடுங்கள்.