மறுநாள் வரும் நெகட்டிவ்

கல்லூரி விடுதிகளில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பாதுகாப்பில்லாத உறவுக்கு மறுநாளே எச்.ஐ.வி. சுயபரிசோதனை கிட் ஒன்றை வரவழைத்து, விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டு, ஒற்றைக் கோடு வந்தால் தப்பித்தாயிற்றாம். எத்தனை முறை மறுத்தாலும் யாரோ ஒரு சீனியர் இதையே அடுத்த செட்டுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ‘சி’ என்ற எழுத்துக்கு நேரே தெரியும் அந்தக் கோட்டுக்கு, பட்டையில் திரவம் ஒழுங்காக ஓடியிருக்கிறது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. தொற்றுக்கான கோடு ‘டி’க்கு நேரே வர வேண்டும். இந்தக் கிட்கள் பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியைக் கண்டு உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. அதைத் தயாரிக்க உடலுக்கு வாரக்கணக்கில் ஆகும். விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் துரிதப் பரிசோதனையில் தொற்று தட்டுப்பட 23 முதல் 90 நாள் வரை பிடிக்கும். ஆக, இன்று வரும் நெகட்டிவ் மூன்று மாதத்துக்கு முந்தைய நிலவரம். நேற்றிரவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வெறும் பண நஷ்டம் என்றால் விட்டுத்தொலைக்கலாம். எச்.ஐ.வி. உடலில் நிலைகொள்ளாமல் தடுக்க மாத்திரைகள் இருக்கின்றன. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கூரியருக்குக் காத்திருந்து, ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர் தொலைப்பது அந்த 72 மணி நேரத்தைத்தான். மறுநாள் காலையில் பார்க்க வேண்டியது மருத்துவரை. கிட்டுக்கு வேலை பிறகு வருகிறது.

‘கிட்டும் இல்லையென்றால் யாருமே சோதித்துக்கொள்ள மாட்டார்களே’ என்பார்கள். நியாயம்தான். உலக சுகாதார நிறுவனமே 2016இல் எச்.ஐ.வி. சுயபரிசோதனையைப் பரிந்துரைத்துவிட்டது, கூச்சப்படுகிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் ‘டி’ கோடு வந்துவிட்டால் அதுவும் இறுதித் தீர்ப்பு ஆகாது. அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில்கூட வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளில் உறுதியான பிறகே பாசிட்டிவ் என்று எழுதுகிறார்கள். இன்னொன்று, எச்.ஐ.வி. கிட் எச்.ஐ.வி.யைப் பற்றி மட்டுமே பேசும். சிபிலிஸ் புண் வலிக்காது, சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் உள்ளேயே இருக்கும். கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் பெண்களின் கருக்குழாயைக் கெடுக்கும். தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்காது. இத்தனைக்கும் மருந்துக்கடையில் அசித்ரோமைசின் ஒரு பட்டை வாங்கி விழுங்கினால் போதும் என்கிற விடுதி வைத்தியரை என்ன சொல்வது? அந்த மருந்துக்கு அடங்காத கொனோரியா உருவானதற்கு இப்படிக் கண்டபடி விழுங்கியதும் ஒரு காரணம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. கொசு எச்.ஐ.வி.யைப் பரப்பாது, கழிப்பறை இருக்கையும் பரப்பாது. ஆணுறை பெரும் பாதுகாப்பு. ஆனால் ஹெர்பிஸும் பாப்பிலோமா வைரஸும் அது மூடாத தோல்வழியே தொற்றலாம். அரசு மையத்துக்குப் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பது அடுத்த பயம். 18 வயது நிரம்பியவருக்கு அவர் சம்மதமே போதும், எச்.ஐ.வி. முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. நேரில் கேட்கத் தயங்குகிறவர்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

கல்லூரிக்குக் கல்லூரி செஞ்சுருள் சங்கம் வைத்திருக்கிறோம். டிசம்பர் 1 வந்தால் கோலப்போட்டி, உறுதிமொழி, சட்டையில் சிவப்பு நாடா, குரூப் போட்டோ. எந்தப் பரிசோதனையை எத்தனையாவது நாளில் செய்ய வேண்டும் என்று கேட்டால் சங்கத்துப் பொறுப்பாளரே விழிக்கிறார். கோலமாவுக்கு ஆகும் செலவில் ஒரு தட்டி அடித்து விடுதி அறிவிப்புப் பலகையில் மாட்டலாம்: 72 மணி நேரம், 90 நாள், 1097. பக்கத்து அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் இருக்கிறது என்பதையும் கீழே எழுதிவிட்டால் புற நோயாளிகள் வரிசையில் நின்று யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்காது.