அழுதால் கை துவளும் பிள்ளை: மோயமோயா நோயும் அறுவைச் சிகிச்சையும்



பிள்ளை விம்மி விம்மி அழுகிறது. அல்லது சூடான கஞ்சியை ஊதி ஊதிக் குடிக்கிறது. திடீரென ஒரு பக்கக் கை துவள்கிறது, பேச்சு குழறுகிறது. சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடுகிறது. "நடிக்கிறான்" என்பார் ஒருவர், "காத்துக் கருப்பு" என்பார் மற்றவர். தானாகவே சரியாவதால், தாயத்துக் கட்டியதும் குணமானதாகத் தோன்றும். துஆ செய்யுங்கள், ஆனால் அன்றே மருத்துவரிடமும் காட்டுங்கள். துவண்டது சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைப்பதே நல்லது.

இதற்கான அரிய காரணங்களில் ஒன்று மோயமோயா. மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் மண்டைக்குள் சிறிது சிறிதாகச் சுருங்குகின்றன. ஈடுகட்ட நூல் போன்ற குழாய்கள் கிளைக்கின்றன. ஆஞ்சியோ படத்தில் அவை புகை மூட்டமாகத் தெரிவதால், 1969-இல் சுசுகி, தகாகு என்ற ஜப்பானிய மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து குழாய்கள் மேலும் இறுகும். அழும்போதும் ஊதும்போதும் கை துவள்வது அதனால்தான். பெரியவர்களுக்கு அந்த நூல் குழாய்கள் வெடித்து மூளையில் இரத்தக் கசிவும் ஏற்படலாம்.

சுருங்கிய குழாயைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. ஆகவே வேறு வாய்க்கால் வெட்டுகிறார்கள். 1895-இல் மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரை நம் பக்கம் திருப்பிய கதைதான். காதுக்கு முன்னால் விரல் வைத்தால் ஒரு நாடி துடிக்கும். தலைத் தோலுக்கு இரத்தம் கொண்டுபோகும் அந்தக் குழாயை, மண்டையோட்டில் திறப்பு வைத்து, மூளையின் மேலுள்ள குழாயோடு முடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். இரத்தம் உடனே பாயும். சிறு பிள்ளைகளின் குழாய் தைக்க முடியாத அளவு சன்னம் என்பதால், பெரும்பாலும் அதை மூளையின் மேல் படியவைத்து விடுவார்கள். சில மாதங்களில் அதிலிருந்து புதுக் குழாய்கள் வளரும்.

இதனால் நோய் போய்விடாது, பக்கவாதம் வரும் ஆபத்து குறையும். ஏற்கெனவே செத்த மூளைப் பகுதி மீளாது. அதனால்தான் முதல் துவளலிலேயே காட்டச் சொல்கிறோம்.

இந்த நோயாளிக்கு உடலில் நீர் வற்றுவது பெரும் ஆபத்து. ரமளானில் நோன்பு பிடிப்பதற்கு முன் மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள்; நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை வெட்கப்பட்டு மறுக்க வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் தாமதிக்காதீர்கள். ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அறுவைக்குப் பின் இறுக்கமான தொப்பி, முக்காட்டு முடிச்சு, கண்ணாடிக் கம்பி ஆகியவை அந்த இடத்தை அழுத்தக்கூடாது.

பொட்டிப்புரத்திலிருந்து முதலில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கிருந்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்துக்கோ அனுப்பக்கூடும். எம்.ஆர்.ஐ. படங்களையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். எந்தச் செலவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சேரும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். கை துவண்டபோது யாராவது செல்போனில் படம் பிடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.