பேரேடு யார் கையில்

நாட்டரசன்கோட்டை

அன்புப் பேத்திக்கு ஆச்சி எழுதுவது.

அன்றாட வரவு செலவை எழுதும் குறிப்பு, அதனை ஆள்வாரியாகப் பிரித்துப் பதியும் பேரேடு, ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் நேர்நிறுத்திப் பார்க்கும் ஐந்தொகை ஆகிய மூன்றையும் கொண்டு பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியவர்கள் வாழ்ந்த ஊர் இது; ஆயினும் அக்கணக்குக் கல்வி ஆண்பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. தைப்பொங்கலை அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன் வைக்கும் செவ்வாய்ப் பொங்கலிலும் குடும்பங்கள் புள்ளிக் கணக்கிலேயே எண்ணப்படுகின்றன. புள்ளி என்பது மணமான ஓர் இணை. தனித்து நிற்கும் பெண் அந்தக் கணக்கில் முழுதாக வருவதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவில்தான், மணமானவரோ மணமாகாதவரோ கணவரை இழந்தவரோ, ஒரு பெண் ஒரு பெண்ணாகவே எண்ணப்படுகிறார். குழுவுக்கு ஊக்குநராகப் பொறுப்பேற்கும் பேத்தி முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

ஊக்குநர் என்பவர் தலைவியல்லர். கூட்டத்தைக் கூட்டி, கணக்கைச் சரியாக வைத்து, உறுப்பினர்களைப் பேச வைப்பவர். 12 முதல் 20 பெண்கள் சேமித்து, அத்தொகையைத் தமக்குள் உள்கடனாகச் சுழற்றி, ஒழுங்கு நிலைத்த பின் வங்கிக் கடன் பெறும் இம்முறை, தமிழகத்தில் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் தொடங்கி, 1997-98-இல் மகளிர் திட்டமாக விரிந்தது. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கியிருந்தது. வாரந்தோறும் தவணை வசூலிக்கத் தனியார் நுண்கடன் நிறுவனம் திரட்டும் கூட்டத்தைச் சுயஉதவிக் குழுவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது: அங்கே சேமிப்பும் இல்லை, ஏடும் பெண்களிடம் இல்லை, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் பகையாவதுதான் மிச்சம்.

பல குழுக்களில் நேரும் குறை மிகச் சிறியதாகத் தோன்றும். பாயில் நோட்டும் சில்லறையும் அடுக்கப்படும். ஒருவர் எண்ணியதை அடுத்தவர் மறுபடியும் எண்ணுவார். பிறகு தீர்மானப் புத்தகம் மட்டும் யாரோ ஒருவரின் மகன் கைக்குப் போய்விடும், பெண்கள் அவன் காட்டும் இடத்தில் கைநாட்டு வைப்பார்கள். அந்த நிமிடத்தில் குழு வேறொருவருடையதாகிவிடுகிறது. எழுத்தறிவில்லை என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. மதுரைப் பக்கத்துக் களஞ்சியம் குழுக்களில் வளர்ந்த சின்னப்பிள்ளை பள்ளிக்குப் போகாத விவசாயக் கூலித் தொழிலாளி. 2001-இல் தில்லியில் அவருக்கு விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. எழுதத் தெரியாதவருக்கும் கணக்கை உரக்கப் படித்துக் காட்டுமாறு கேட்க முடியும், கேட்டதைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லவும் முடியும். படித்த ஊக்குநர்தான் இதற்குப் பெரிய இடையூறு, ஏனெனில் அவருக்குப் பொறுமை குறைவு. பேத்தியைத்தான் ஆச்சி சொல்கிறாள்.

தொழில் என்று வரும்போது கொட்டானை நினைக்கலாம். ஆச்சிமார் வீட்டிலேயே முடைந்து சீர்ப்பொருள் வைத்த அந்தப் பனையோலைக் கூடை மறையவிருந்த நிலையில், எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் காரைக்குடிப் பகுதிக் கிராமப் பெண்களின் கைத்தொழிலாக மீண்டது. ஓலையைச் சீவிச் சாயமேற்றி முடையும் நேரத்தையும் விலையில் சேர்க்கக் கற்காத குழுவுக்கு எந்தப் பேரும் உதவாது. அவ்வாறே, வங்கிக் கடன் பெண்ணின் பெயரில் வந்து ஆணின் செலவில் கரைந்தால், கடன் மட்டுமே அவளிடம் மிஞ்சும். ஆகவே பணம் எதற்குச் செலவாயிற்று என்பதும் ஏட்டில் ஏற வேண்டும், கடிந்து பேசாமல் எழுதப்பட வேண்டும்.

செவ்வாய்ப் பொங்கலுக்கு வரும்போது மூன்று மாத ஏட்டை எடுத்து வந்தால் ஆச்சி ஐந்தொகை போட்டுப் பார்ப்பாள். ஏட்டில் எத்தனை பேருடைய கையெழுத்து இருக்கிறது என்பதையும் எண்ணுவாள்.

ஆச்சி