மீன் தொட்டிக்குப் பின்திரை அவசியமா?



மஞ்சக்குப்பத்தில் நம் உறுப்பினர்கள் சிலர் கல்லாவுக்கு அருகே வண்ண மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். வாஸ்துவுக்காக வைத்தவரும் உண்டு; குழந்தையோடு வரும் வாடிக்கையாளர் சற்று நின்று போகட்டும் என்று வைத்தவரும் உண்டு. ஆனால் பல தொட்டிகளில் பின்பக்கம் வெறும் கண்ணாடிதான். அதன் வழியே சுவர்க் காறையும், ஏர் பம்ப் குழாயும், மின் ஒயரும், அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகளும் தெரிகின்றன. இதைச் சரிசெய்வது எளிது, செலவும் குறைவு.

பின்திரை அழகுக்கு மட்டுமன்று. ஆற்றிலும் குளத்திலும் மீனுக்குப் பாறை, செடி, கரை என்று ஒரு பக்கமாவது மறைவு இருக்கும். நான்கு பக்கமும் திறந்த தொட்டியில், ஆள் நடமாட்டம் மிகுந்த கடையில், மீன் மிரண்டு மூலையில் ஒதுங்கும். சரியாக இரை எடுக்காது. அப்படி மிரண்ட மீனுக்கு நோய் எளிதில் பற்றும். அது நாம் வாங்கி விற்கும் சரக்கல்ல, நம்மை நம்பி இருக்கும் உயிர் என்பதை மறக்கக்கூடாது.

பெரிய காட்சிச்சாலைகளும் இதை அறிந்தே செய்கின்றன. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853-இலும், சென்னை மெரினாவில் 1909-இலும் மக்கள் பார்வைக்கு மீன் காட்சியகங்கள் திறக்கப்பட்டன. இத்தகைய இடங்களில் பொதுவாகத் தொட்டியின் முன்புறம் மட்டுமே கண்ணாடியாக இருக்கும். பின்புறம் பாறை போன்ற சுவர் இருக்கும்.

எந்த நிறம் நல்லது? கருப்பு அல்லது கருநீலம். நகைக்கடையில் வைரத்தைக் கருப்பு வெல்வெட்டில் வைத்துக் காட்டுகிறார்கள் அல்லவா? அதே கணக்குதான். மேலும், பல மீன்களின் தோலில் உள்ள நிறமிச் செல்கள் சுற்றுப்புறத்திற்கு ஏற்ப மாறும். வெளிர் பின்னணியில் மீன் வெளுத்துத் தெரியும். இருண்ட பின்னணியில் நிறம் எடுப்பாகும். செடி, பாறைப் படம் அச்சிட்ட சீனரி ஷீட்டும் போடலாம். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கே போகிறவர்கள் தேவையான அளவுக்கு வெட்டி வாங்கி வரலாம்.

ஒட்டும் முறை:

1. தண்ணீர் ஊற்றுமுன் ஒட்டுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைகளைவிடக் கனம். பிறகு நகர்த்த முடியாது.

2. பின்கண்ணாடியின் வெளிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து உலர விடுங்கள்.

3. பிளாஸ்டிக் ஷீட்டை அரை அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

4. கண்ணாடியில் கிளிசரின் மெல்லியதாகத் தடவி, படம் உள்ள பக்கம் கண்ணாடியில் படும்படி ஒட்டுங்கள். இடையில் காற்று இல்லாவிட்டால்தான் படம் தெளிவாகத் தெரியும்.

5. பழைய விசிட்டிங் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் குமிழிகளை நீக்குங்கள். மிஞ்சியதை பிளேடால் வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: அச்சிட்ட ஷீட்டையும் பெயிண்டையும் தொட்டியின் உள்ளே போடாதீர்கள், சாயம் தண்ணீரில் இறங்கலாம். சாதாரணக் காகிதப் படம் நம் ஊர்க் கடற்காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பளபளக்கும் தகடும் கண்ணாடியும் வேண்டாம். ஃபைட்டர் மீன் தன் நிழலையே எதிரி என்று எண்ணிச் சண்டைக்கு நின்று களைத்துப் போகும். பின்னால் ஜன்னல் இருந்தால் பின்திரை கட்டாயம். வெயில் பட்டால் தொட்டியில் பாசி படரும்.

ஒரு ஞாயிறு மதியம் கடையை மூடியபின் அரை மணி ஒதுக்கினால் போதும். பார்ப்பவர் கண்ணுக்கும் நிறைவு, மீனுக்கும் நிம்மதி.