இல்லாளின் நேரம்

அறந்தாங்கியை அடுத்துள்ள ஆவுடையார்கோவில், மாணிக்கவாசகரால் புகழ்பெற்ற திருப்பெருந்துறையாகும். கருங்கல்லை மரச்சட்டம்போல் செதுக்கிய கொடுங்கைகளைக் காணவே பலர் அங்கு வருகின்றனர். ஊரின் பெயரை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. அதனைத் தாங்கும் பீடமாகிய ஆவுடை மட்டுமே உண்டு. சைவர் இதற்கு உரைக்கும் தத்துவத்தினுள் நாம் புகவில்லை. தாங்கும் பீடத்தின் பெயரால் ஓர் ஊரே வழங்குகிறது. குடும்பத்தைத் தாங்குபவளையோ 'இன்னார் வீட்டுக்காரி' என்றே நம் ஊர்கள் அழைக்கின்றன. இவ்வெண்ணமே நம்மை எழுதத் தூண்டிற்று.

'இல்லாள்' என்பதற்கு இல்லத்தை ஆள்பவள் என்று பொருள் கூறி மகிழ்கிறோம். அதன் ஆண்பால்போல் தோன்றும் 'இல்லான்' என்னும் சொல்லோ, வழக்கில், பொருளற்றவனையே குறிக்கும். தொல்காப்பியர் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும் இணையாகவே சுட்டினார். இருவரும் உரிமை உடையோர். (இன்று கிழவன் முதியவனாகிவிட்டான், கிழத்தி வழக்கிழந்தாள்.) அவரே பெண்ணுக்கு அச்சம், நாண், மடன் என மூன்றைக் கூறினார். பயிர்ப்பைப் பிற்காலத்தார் சேர்த்து நான்காக்கினர். மகளிரோடு கடற்பயணம் வழக்கமன்று என்றும் அந்நூல் விதிக்கிறது.

கடலைக் கடப்பது இருக்கட்டும், அடுத்த ஊருக்குச் செல்வதற்கே துணையை எதிர்பார்த்திருந்த பெண்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் சைக்கிள் ஏறிய வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். வயல் வேலை செய்வோர், கல் உடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பல்லாயிரவர் கற்றனர். கேலி செய்த ஆடவரும் இருந்தனர். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது ஆண்களுக்கானதையே ஓட்டினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பது அவர்கள் கண்ட பயன். பேருந்துக்கும் கணவனுக்கும் காத்திராமல் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசேர்த்தனர்.

இதனைப் பாராட்டுவோர், ஒன்றைக் கேட்க மறந்தனர். மிச்சமான நேரம் யாருக்கு உரியதாயிற்று? தண்ணீர்க் குடமும் பின்னிருக்கையில் ஏறியது. சந்தைக்குச் சென்று விரைந்து திரும்பியவளுக்கு அடுப்படி காத்திருந்தது. சக்கரம் பெண்ணை வெளியே அழைத்துச் சென்றதேயன்றி, வீட்டு வேலையை எவரோடும் பகிரச் செய்யவில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கூறுகிறது. இதில் ஈடுபடும் ஆடவரே நான்கில் ஒரு பங்கினர்தாம் என்பதையும் மறத்தலாகாது.

இத்தகைய எதிர்பார்ப்பை மணத்திற்கு முன்பே எதிர்கொண்டவர் ஒருவர் புதுக்கோட்டையிலேயே பிறந்தார். 1886இல் பிறந்து, ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், 1914இல் சுந்தர ரெட்டியை மணக்கையில், தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என நிபந்தனை விதித்தார். அவர் அதனை ஏற்றார். 1927இல் மனைவி சட்டமன்றத்திற்குள் நுழைந்தபோதும் அவ்வாக்கு நிலைத்திருந்தது.

மணமகள் நிபந்தனை கூறுவதா என்று வியப்போர் நம்மிடையே இருப்பின், நிக்காஹ் ஓர் ஒப்பந்தம் என்பதை அவர்கட்கு நினைவூட்டலாம். மணமகளின் சம்மதம் வேண்டும். மஹர் அவளுக்கே உரியது. நிபந்தனை விதிக்கவும் இடமுண்டு. நடைமுறையிலோ மஹர் பெயரளவினதாகி, வரதட்சணை பெருந்தொகையாகிறது. சம்மதம் கேட்கும் அந்த ஒரு கணத்திற்குப்பின் அவள் கருத்தை எவர் கேட்கின்றனர்? மணமுறிவு வழக்குகள் ஆடவர் மட்டும் அமரும் ஜமாஅத்தில் பேசப்படுவதைக் கேள்விக்குள்ளாக்கி, 2000களின் தொடக்கத்தில் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கிய தாவூத் ஷரீஃபா அவர்களும் புதுக்கோட்டையிலிருந்தே செயல்பட்டார். தனி ஜமாஅத் வேண்டுமா என்பதில் நம் பெரியோர்க்கு மாறுபட்ட கருத்து இருக்கலாம். தன் வழக்கைத் தானே அவையில் எடுத்துரைக்க ஒருத்திக்கு இடம் வேண்டும் என்ற அவர் கோரிக்கைக்கு, நம் மஹல்லாக்களில் பல இன்னும் விடை கூறவில்லை.